முகில் அறை செய்து துகள் தடம் படிப்பது எப்படி

"எலக்ட்ரானை யாராவது கண்ணால பார்த்திருக்காங்களா சார்?" என்று கேட்கும் மாணவர்களுக்குப் பதிலாகச் சமன்பாடு எழுதுவதை எப்போதோ நிறுத்திவிட்டேன். கண்ணுக்குத் தெரியாத துகள்கள் போன வழியைக் கோடாகக் காட்டும் முகில் அறையைத் தூக்கி வந்து மேசையில் வைத்துவிடுவேன். அதைச் செய்வது பெரிய வித்தை இல்லை. உள்ளே தெரியும் கோடுகளைப் படிக்கத்தான் பழக வேண்டும்.

முதலில் பொருள்கள். ஒளி ஊடுருவும் கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் தொட்டி, அதன் வாயை மூடும் அளவுக்குக் கறுப்பு உலோகத் தகடு, கெட்டியான ஃபெல்ட் துணி, ஐசோபுரோபைல் ஆல்கஹால், உலர் பனிக்கட்டி, நல்ல டார்ச். ஆல்கஹால் 99 சதவீதத் தூய்மையானதாக இருக்கட்டும். காயம் துடைக்க விற்கும் 70 சதவீதச் சரக்கில் மீதி தண்ணீர்; அதை ஊற்றிவிட்டு மணிக்கணக்கில் உட்கார்ந்தாலும் ஒன்றும் தெரியாது. துணியைப் பசை போட்டு ஒட்டாதீர்கள், ஆல்கஹால் பல பசைகளைக் கரைத்துவிடும். தொட்டியின் அடிப்பக்கத்தில் உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாகக் காந்தம் வைத்துப் பிடிக்க வையுங்கள்.

உலர் பனிக்கட்டி மைனஸ் 78 டிகிரி செல்சியஸில் இருக்கும். கனமான கையுறை இல்லாமல் தொடக்கூடாது. அது ஆவியாகி வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடு தரையோடு தேங்கும் என்பதால் சன்னல் திறந்திருக்க வேண்டும். அதை இறுக மூடிய டப்பாவில் அடைத்தால் டப்பா வெடிக்கும். ஆல்கஹால் இருக்கும் இடத்தில் தீயே கூடாது.

துணி ஊறும்வரை, சொட்டாத அளவுக்கு, ஆல்கஹாலை ஊற்றுங்கள். தொட்டியைக் கவிழ்த்துத் தகட்டின் மேல் வைத்து, விளிம்பில் காற்று புகாமல் களிமண் பூசுங்கள். அப்படியே தூக்கிப் பனிக்கட்டிப் படுக்கையில் சமமாக வையுங்கள். விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைப் பக்கவாட்டிலிருந்து தகட்டை ஒட்டி அடியுங்கள். கால் மணி நேரம் பொறுமை வேண்டும். முதலில் மெல்லிய தூறல் தெரியும். தூறல் வந்துவிட்டால் அறை வேலை செய்கிறது என்று பொருள்.

உள்ளே நடப்பது இதுதான். மேலே அறை வெப்பத்தில் ஆவியான ஆல்கஹால் கீழே இறங்க இறங்கக் குளிர்ந்து, தகட்டுக்குச் சற்று மேலே, ஒரு சென்டிமீட்டர் தடிமனுக்குள், மிகைத் தெவிட்டிய நிலைக்கு வந்துவிடுகிறது. துளியாக மாற ஒரு சாக்குக்குக் காத்திருக்கும் ஆவி அது. மின்னூட்டம் உள்ள துகள் ஒன்று அதன் வழியே பாயும்போது, காற்று மூலக்கூறுகளிலிருந்து எலக்ட்ரான்களைப் பிய்த்தெறிந்து அயனிகளை விட்டுச் செல்லும். அந்த அயனிகள் மேல் ஆல்கஹால் துளியாகப் படியும். உயரத்தில் பறக்கும் ஜெட் விமானம் விட்டுப்போகும் வெள்ளைக் கோடு போலத்தான்: நாம் பார்ப்பது கோட்டை, விமானத்தை அல்ல. சி.டி.ஆர். வில்சன் 1911-ல் முதல் தடங்களைப் படம்பிடித்தது காற்றைச் சட்டென விரியவைக்கும் வேறு வகை அறையில். அதற்காக 1927-ல் நோபல் பரிசு பெற்றார்.

தூறல் இருந்தும் தடம் மங்கலாக இருந்தால், பிளாஸ்டிக் ஸ்கேலைக் கம்பளியில் நன்றாகத் தேய்த்துத் தொட்டியின் மேல் பிடியுங்கள். அதன் மின்புலம் பழைய அயனிகளை இழுத்து அப்புறப்படுத்தும். மலிவான வைத்தியம், பெரும்பாலும் பலிக்கும்.

இனி படிப்பது. தடித்து, நேராக, சில சென்டிமீட்டரில் முடிந்துபோவது ஆல்ஃபா, அதாவது கதிரியக்க அணுக்கரு வெளிவிடும் ஹீலியம் அணுக்கரு. கனமும் இரட்டை மின்னூட்டமும் இருப்பதால் குறுகிய தூரத்தில் எக்கச்சக்கமாக அயனியாக்கிவிட்டு நின்றுவிடும். மெல்லியதாய், திசை தெரியாமல் வளைந்து நெளிவது ஆற்றல் குறைந்த எலக்ட்ரான். மெல்லியதாய், நேராக, நீண்டு போவது மியூவானாக இருக்கலாம்; விண்வெளிக் கதிர்கள் வளிமண்டலத்தில் மோதுவதால் பிறக்கும், எலக்ட்ரானைப் போன்ற ஆனால் கனமான துகள் அது. 'இருக்கலாம்' என்றுதான் சொல்வேன். வேகமான எலக்ட்ரானும் அப்படியே தெரியும். கடல் மட்டத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு மியூவான் விழுகிறது. பெரும்பாலானவை மேலிருந்து செங்குத்தாக வருவதால், நம் மெல்லிய அடுக்கில் சின்னக் கீற்றாகத்தான் தெரியும். நீளமாகத் தெரிபவை சரிந்து வந்தவை. மியூவானின் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோ விநாடி. அந்த நேரத்தில் ஒளியே 660 மீட்டர்தான் போகும். பல கிலோமீட்டர் உயரத்தில் பிறந்தது உங்கள் மேசை வரை வருவது, வேகமாகப் பயணிக்கும் பொருளின் கடிகாரம் மெதுவாக ஓடும் என்ற சார்பியல் விளைவால்தான்.

காந்தம் வைத்து வளைத்துப் பார்க்க எல்லோருக்கும் ஆசை வரும். கணக்கைப் போட்டுவிட்டு வையுங்கள். வளைவின் ஆரம் என்பது உந்தத்தை மின்னூட்டத்தாலும் காந்தப்புலத்தாலும் வகுத்தால் வருவது. புலம் 0.1 டெஸ்லா என்றால் 4 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் (எலக்ட்ரான் வோல்ட் துகளின் ஆற்றலை அளக்கும் அலகு) மியூவானுக்கு ஆரம் 130 மீட்டருக்கு மேல். தொட்டிக்குள் அது நேர்க்கோடுதான். 1 மெகா எலக்ட்ரான் வோல்ட் எலக்ட்ரானுக்கு 5 சென்டிமீட்டருக்கும் குறைவு, வளைவது கண்ணுக்குத் தெரியும். ஆனால் எலக்ட்ரான் மோதி மோதித் தானாகவே திரும்பும் என்பதால் ஒரு தடத்தை நம்பாதீர்கள். பல தடங்கள் ஒரே பக்கம் சாய்கின்றனவா என்று பாருங்கள். கார்ல் ஆண்டர்சன் 1932-ல் இதைக் கெட்டிக்காரத்தனமாகச் செய்தார். அறையின் நடுவே 6 மில்லிமீட்டர் ஈயத் தகடு வைத்தார். தகட்டைத் தாண்டியதும் ஆற்றல் குறையும், வளைவு கூடும். ஆக எந்தப் பக்கமிருந்து வந்தது என்று தெரிந்துவிடும். திசை தெரிந்ததும் மின்னூட்டத்தின் குறியும் தெரிந்தது. எலக்ட்ரானுக்கு எதிர்ப்பக்கம் வளைந்த அதுதான் பாசிட்ரான், நேர் மின்னூட்டம் கொண்ட எலக்ட்ரானின் எதிர்த்துகள்.

ஆல்ஃபாவின் நேர்க்கோடு எனக்கு மிகவும் பிடித்தது, அதில் ஒரு வில்லங்கம் இருப்பதால். குவாண்டம் கணக்குப்படி அணுக்கருவிலிருந்து வெளியேறும் ஆல்ஃபாவின் அலை எல்லாத் திசையிலும் கோளமாகப் பரவுகிறது. கோடு எங்கிருந்து வந்தது? நெவில் மாட் 1929-ல் பதில் சொன்னார். ஆல்ஃபாவை மட்டும் தனியே எடுக்காமல், வழியிலுள்ள அணுக்களையும் சேர்த்து ஒரே அலைச்சார்பாக எழுதுங்கள். இரண்டு அணுக்கள் சேர்ந்து அயனியாவதற்கான வாய்ப்பு, அவை கருவோடு ஒரே கோட்டில் இருந்தால்தான் குறிப்பிடும்படி வருகிறது. துகளின் இடத்தையும் உந்தத்தையும் ஒருசேரத் துல்லியமாக அறிய முடியாது என்னும் நிச்சயமின்மைக் கொள்கைக்கும் பங்கம் இல்லை: தடத்தின் அகலம் மில்லிமீட்டர் அளவு, கொள்கை விதிக்கும் எல்லையோ அதைவிட மிக மிகச் சிறியது.

ஆல்ஃபா போதவில்லையா? கதிரியக்கப் பொருள் தேடி அலைய வேண்டாம், ஒரு பலூன் போதும். ஊதித் தலைமுடியில் தேய்த்து, சன்னல் மூடிய அறையில் ஒரு மணி நேரம் தொங்கவிடுங்கள். காற்றிலுள்ள ரேடான் என்னும் கதிரியக்க வாயு சிதைந்து உண்டாகும் அணுக்களில் பல நேர் மின்னூட்டத்தோடு இருக்கும். எதிர் மின்னூட்டம் ஏறிய பலூன் அவற்றை இழுத்து ஒட்டிக்கொள்ளும். காற்றை இறக்கி, சுருங்கிய ரப்பரை அறைக்குள் தகட்டின் மேல் வையுங்கள். தடித்த கோடுகள் ரப்பரிலிருந்து புறப்பட்டுப் பாயும். அவை ரேடானின் வழிவந்த பொலோனியம்-214 அணுக்கருவின் ஆற்றல் தடையை ஏறிக் கடந்தவை அல்ல, குவாண்டம் விதிப்படி அதன் ஊடே சுரங்கமிட்டு வந்தவை. இயற்பியலாளர் ஜார்ஜ் காமாவ் 1928-ல் போட்ட கணக்கு இது.

பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கோடுகளை எண்ணி வரைபடம் போடுங்கள். எண்ணிக்கை குறைந்துகொண்டே வரும். ஆனால் பாதியாகும் நேரம் மாறாமல் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்: பொலோனியத்துக்கு முன்னால் ஈயம்-214 27 நிமிட அரை ஆயுளோடும் பிஸ்மத்-214 20 நிமிட அரை ஆயுளோடும் வரிசையில் நிற்கின்றன.