மாம்பலத்தில் எந்தப் பக்கம் இறங்குவது?

எங்கள் தையல் கடைக்குப் புதிதாக வந்த பெண்ணை முதல் தடவையாக லைனிங் துணி வாங்க, சென்னை மாம்பலம் ஸ்டேஷனை ஒட்டிய தி.நகர் கடைகளுக்கு அனுப்பினேன். காலை பத்தரைக்குக் குரோம்பேட்டையில் ரயில் ஏறியவள் மூன்று மணிக்குத்தான் திரும்பினாள். லைனிங் இல்லை, கையில் இரண்டு கட்டு கீரை. "கூட்டம் போன பக்கமே போனேன் அக்கா" என்றாள். கூட்டம் மேற்கு மாம்பலம் போயிருக்கிறது. அவளுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன். இருபத்தைந்து வருஷத்துக்கும் மேலாக வாரம் இரண்டு தடவை அந்த ஸ்டேஷனில் மூட்டையோடு ஏறி இறங்குகிறேன்.

தாம்பரம் பக்கமிருந்து வருகிறீர்கள் என்றால் வண்டி போகிற திசையைப் பார்த்து உட்காருங்கள். வலது கைப் பக்கம் தி.நகர், இடது கைப் பக்கம் மேற்கு மாம்பலம். சென்னை பீச் ஸ்டேஷன் பக்கமிருந்து வந்தால் அப்படியே தலைகீழ். இதை சைதாப்பேட்டை தாண்டும்போதே மனதில் வைத்துக்கொண்டால் போதும், நடைமேம்பாலத்தில் நின்று விழிக்க வேண்டாம். துணி, பாத்திரம், நகை எல்லாம் ரங்கநாதன் தெருப் பக்கம். காய்கறி, பூ, பூஜை சாமான், அயோத்தியா மண்டபம் எல்லாம் மேற்குப் பக்கம். ஸ்டேஷன் ஒன்று, ஊர் இரண்டு.

அதற்குக் காரணம் உண்டு. இன்று தி.நகர் இருக்கிற இடத்தில் ஒரு காலத்தில் பெரிய ஏரி இருந்தது. 1920களில் நீதிக்கட்சி ஆட்சியில் அதைத் தூர்த்து மனை போட்டார்கள், அந்தக் கட்சியின் தலைவர் பிட்டி தியாகராயரின் பெயரை வைத்தார்கள். 1931 மே 11-ல் பீச்சுக்கும் தாம்பரத்துக்கும் நடுவே மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது. புது ஊரும் புது ரயிலும் கிட்டத்தட்ட ஒன்றாக வளர்ந்தவை. மேற்கே அமைதியான தெருக்கள், கிழக்கே நாள் முழுக்கத் திருவிழா. நடுவில் தண்டவாளம்.

நான் போக ஆரம்பித்தபோது அது மீட்டர் கேஜ். பெட்டி குறுகல். எதிரெதிர் சீட்டில் உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கும், மூட்டையை மடியில்தான் வைக்க வேண்டும். 2004 ஜூலை 1-ஆம் தேதியோடு அந்த வண்டிகள் நின்றன. அகலப் பாதை வண்டியில் முதல் தடவை ஏறியபோது, வேறு யாருடைய வீட்டுக்குள்ளோ நுழைந்துவிட்ட மாதிரி கூச்சமாக இருந்தது.

சரி, டிக்கெட். குரோம்பேட்டையிலிருந்து மாம்பலத்துக்கு 5 ரூபாய். போகும்போதே ரிட்டர்ன் சேர்த்து எடுத்துவிடுங்கள். சாயங்காலம் மாம்பலம் கவுன்ட்டரில் வரிசை எங்கே முடிகிறது என்றே தெரியாது. போனில் ரயில்வே ஆப்பில் எடுப்பதானால் வீட்டிலேயே எடுங்கள். ஸ்டேஷனுக்குள் வந்த பிறகு ஆப் மறுத்துவிடும், அங்கே ஒட்டியிருக்கிற க்யூஆர் கோடை ஸ்கேன் செய்துதான் எடுக்க வேண்டும். ஸ்கிரீன்ஷாட் காட்டினால் பரிசோதகர் ஒத்துக்கொள்ள மாட்டார், ஆப்புக்குள் டிக்கெட்டைத் திறந்து காட்ட வேண்டும். அதனால் போனில் சார்ஜ் இருக்கிறதா பாருங்கள். டிக்கெட் இல்லாமல் மாட்டினால் அபராதம் மட்டுமே 250 ரூபாய், கட்டணம் தனி. அந்தக் காசுக்கு எத்தனை டஜன் ஹூக் வாங்கலாம்! தினமும் போகிறவர்களுக்கு சீசன் டிக்கெட்தான் லாபம். முடிகிற தேதிக்குப் பத்து நாள் முன்னாலேயே புதுப்பித்துக்கொள்ளலாம்.

2025 ஏப்ரலிலிருந்து ஏசி மின்சார ரயிலும் இந்தத் தடத்தில் ஓடுகிறது. கதவு தானாக மூடும். குறைந்தபட்சக் கட்டணமே 35 ரூபாய், சாதாரண டிக்கெட் அதில் செல்லாது. 'ஜில்லென்று இருக்கிறதே' என்று ஏறி மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். மே மாதம் கல்யாண ஆர்டர் வாங்கிக்கொண்டு திரும்பும்போது நானும் இரண்டு தடவை போனேன். மற்றபடி ஜன்னல் காற்றே போதும்.

இறங்கியதும் அடுத்த முடிவு: தெருவா, ஆகாய நடைபாலமா? 2023 மே மாதம் ஸ்டேஷனையும் தி.நகர் பஸ் நிலையத்தையும் இணைத்து நடைபாலம் திறந்தார்கள். கிட்டத்தட்ட 570 மீட்டர். பஸ் பிடிக்கப் போகிறவர்கள், குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள், முட்டி வலிக்காரர்கள் எல்லோரும் மேலேயே போய்விடுங்கள். துணி வாங்க வந்தவர்கள் கீழே இறங்கித்தான் ஆக வேண்டும். போகும்போது வெறும் கை, அதனால் நான் ரங்கநாதன் தெரு வழியாக நடப்பேன். வரும்போது மூட்டை இருக்கும், பாலத்தில் ஏறிவிடுவேன்.

தெருவில் எப்படி நடப்பது என்றால், கூட்டத்தின் வேகத்துக்கே நடங்கள், நடுவில் நிற்காதீர்கள். எதையாவது பார்க்க வேண்டுமா, முதலில் கடை வாசலில் ஒதுங்குங்கள். மேட்சிங் பார்க்கப் புடவையை முழுசாகத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். முந்தானை ஓரத்தில் விரல் நீளம் வெட்டி, பார்டர் நிறமும் உடல் நிறமும் தெரிகிற மாதிரி சேஃப்டி பின்னில் கோத்துக்கொள்ளுங்கள். நான் பத்துப் பன்னிரண்டு துண்டுகளை ஒரே பின்னில் கோத்து, ஒவ்வொன்றின் பின்னாலும் பால்பாயின்ட் பேனாவால் துணி ரகத்தையும் அளவையும் எழுதிவைப்பேன். 'டூ பை டூ, 80 சென்ட்டி' என்று. கடைக்காரரிடம் பின்னை நீட்டினால் போதும், வாய் திறக்க வேண்டியதில்லை. டியூப்லைட்டில் மெரூனும் அரக்கும் ஒன்றாகத் தெரியும். துணியை வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் பார்க்காமல் வெட்டச் சொல்லாதீர்கள்.

நேரம் முக்கியம். காலை பத்தரை, பதினொன்றுக்குப் போய் ஒரு மணிக்குள் திரும்பிவிடுவது உத்தமம். ஆபீஸ் கூட்டம் அதற்குள் குறைந்திருக்கும், கடைக்காரர்களும் பொறுமையாகத் துணி பிரித்துக் காட்டுவார்கள். ஞாயிற்றுக்கிழமை வண்டிகள் குறைவு, தெருவில் கூட்டமோ பல மடங்கு. தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரம் நான் அந்தப் பக்கமே தலைவைக்க மாட்டேன், ஆடியிலேயே ஸ்டாக் எடுத்துவிடுவேன். மழை நாளில் ஆட்டோ பிடித்து மேற்குப் பக்கத்திலிருந்து தி.நகர் போகலாம் என்று நினைக்காதீர்கள். துரைசாமி சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் சுற்றிப் போகச் சொல்லி மீட்டருக்கு மேல் கேட்பார்கள். தண்டவாளத்தைக் குறுக்கே தாண்டுவதைப் பற்றி நான் பேசவே போவதில்லை.

திரும்பும்போது மகளிர் பெட்டி நிற்கும் இடத்துக்கு முன்கூட்டியே போய் நில்லுங்கள். மூட்டையை முதுகில் மாட்டாமல் முன்பக்கம் அணைத்துக்கொள்ளுங்கள். ஏறுவதற்கு முன் அறிவிப்பைக் காதில் வாங்குங்கள், ஃபாஸ்ட் வண்டி எல்லா ஸ்டேஷனிலும் நிற்காது. ஒரு ஐப்பசி மாதம், சீட் காலியாக இருக்கிறதே என்று சந்தோஷமாக ஏறி உட்கார்ந்தேன். பல்லாவரம் ஓடியது, குரோம்பேட்டையும் ஓடியது. ஜன்னல் வழியாக எங்கள் ஸ்டேஷன் பெயர்ப் பலகை நகர்வதைப் பார்த்துக்கொண்டே தாம்பரம் போய், அங்கிருந்து இன்னொரு 5 ரூபாய் டிக்கெட் எடுத்துத் திரும்பி வந்தேன். கடையில் அந்தப் பெண் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "கீரை வாங்கலையா அக்கா?"