ஹாஷ் டேபிளை அளப்பது எப்படி? லோட் ஃபேக்டர் மட்டும் போதாது

ஹாஷ் டேபிள் என்பது சாவிகளை (எதை வைத்துத் தேடுகிறோமோ அவற்றை) பக்கெட் என்ற அறைகளில் பிரித்து வைக்கும் அமைப்பு. எந்தச் சாவி எந்த பக்கெட்டுக்கு என்று முடிவு செய்வது ஹாஷ் ஃபங்ஷன். தேடல் மெதுவாக இருக்கிறது என்றதும் அந்த ஃபங்ஷனை மாற்றக் கிளம்பிவிடாதீர்கள். முதலில் டேபிளை அளந்து பாருங்கள். சி பிளஸ் பிளஸ் மொழியில் வரும் ஹாஷ் டேபிளான அன்ஆர்டர்டு மேப்பை வைத்து விளக்குகிறேன். எந்த பக்கெட்டில் எத்தனை சாவிகள் என்று அதனிடமே கேட்கலாம். நிரலில் நேரம் எங்கே போகிறது என்று காட்டும் புரொஃபைலர் எல்லாம் அப்புறம்.

படி 1: மொத்தச் சாவிகளை மொத்த பக்கெட்டுகளால் வகுங்கள். அதுதான் லோட் ஃபேக்டர். நீங்கள் மாற்றாத வரை இதன் உச்சவரம்பு 1. தாண்டினால் டேபிள் தானாகவே பெரிதாகி, சாவிகளை மறுபடி பிரித்துப் போடும்.

படி 2: எல்லா பக்கெட்டுகள் மீதும் ஒரு லூப் ஓட்டி, காலியாக இல்லாதவற்றை எண்ணுங்கள். மொத்தச் சாவிகளை அந்த எண்ணால் வகுத்தால் உண்மையான லோட் கிடைக்கும். முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் தசமம் காணாமல் போகும், டபுளாக (தசம எண் வகையாக) மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 3: இங்கேதான் எனக்கு வெகுநேரம் பிடிபடவில்லை. 8 பக்கெட், 8 சாவி என்று வைத்துக்கொள்வோம். ஒரே பக்கெட்டில் சேர்ந்த சாவிகளின் வரிசைதான் சங்கிலி. ஒரு டேபிளில் சங்கிலிகளின் நீளம் 2, 2, 2, 1, 1, மற்ற பக்கெட்டுகள் காலி. இன்னொன்றில் 4, 1, 1, 1, 1. இரண்டிலும் லோட் 1, உண்மையான லோட் 1.6. அப்படியானால் இரண்டும் ஒன்றா? இல்லை. நான்கு சாவி கொண்ட சங்கிலியில் முதல் சாவிக்கு ஒரு ஒப்பீடு, கடைசிச் சாவிக்கு நான்கு, மொத்தம் 10. எனவே ஒவ்வொரு சங்கிலிக்கும் நீளம் × (நீளம் + 1) ÷ 2 போட்டு, எல்லாவற்றையும் கூட்டி, மொத்தச் சாவிகளால் வகுங்கள். முதல் டேபிளுக்கு 1.375 வரும், இரண்டாவதற்கு 1.75. இருக்கும் சாவியைத் தேட ஆகும் சராசரி ஒப்பீடு இதுதான்.

எதோடு ஒப்பிடுவது? பெரிய டேபிளில் லோட் 1 ஆக இருந்து, ஹாஷ் நன்றாகச் சிதறினால், சுமார் 37% பக்கெட்டுகள் காலியாகவே இருக்கும். அது கோளாறு இல்லை. உண்மையான லோட் சுமார் 1.58, சராசரி ஒப்பீடு சுமார் 1.5 வரும். உங்கள் எண் இதைவிட வெகுவாக மேலே போனால் ஹாஷைச் சந்தேகிக்கலாம்.

படி 4: அறிக்கையில் இந்த மூன்று எண்களோடு மிக நீளமான சங்கிலியின் அளவையும் போடுங்கள். ஒவ்வொரு பக்கெட்டையும் அச்சிடுவதை நான் விரும்புவதில்லை, யாரும் படிக்கமாட்டார்கள். நீளம் 0 எத்தனை, 1 எத்தனை, 2 எத்தனை என்ற சிறு பட்டியலே நிலைமையைக் காட்டிவிடும். வேறு திரெட் (நிரலில் இணையாக ஓடும் பகுதி) சாவிகளைச் சேர்த்துக்கொண்டிருக்கும்போது அளக்க வேண்டாம்.

பின்னர் சேர்த்தது: 1, 2, 3 என்று வரிசையான எண்களைப் போட்டுச் சோதித்த சிலருக்கு எல்லாமே பிரமாதமாக வந்திருக்கிறது. ஜிசிசி என்ற கம்பைலரின் நூலகத்தில் முழு எண்ணின் ஹாஷ் அந்த எண்ணேதான். அதனால் ஒரு பக்கெட்டுக்கு ஒன்று என்று உட்கார்ந்துவிடும். உங்கள் நிரலில் வரும் நிஜச் சாவிகளைப் போட்டுப் பாருங்கள். பைத்தான் டிக்‌ஷனரிக்கு (அதுவும் ஹாஷ் டேபிள்தான்) இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே சங்கிலியே கிடையாது, இடம் நிரம்பியிருந்தால் தேடல் வேறு இடத்துக்குத் தாவும். சாவி கிடைக்கும் வரை எத்தனை இடம் தாவுகிறது என்பதைத்தான் எண்ண வேண்டும்.