பக்கத்து வீட்டு நாயிடமிருந்து நாட்டுக்கோழிகளைக் காப்பது எப்படி?

ஒரு விடியற்காலையில் ஏழு கோழிகளை நாய்க்குப் பறிகொடுத்தேன். அதில் ஒன்று அடைகாத்துக்கொண்டிருந்த கோழி. புதிதாகக் கோழி வளர்க்கிறவர்களுக்கு அந்த நிலை வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. நாய்தானா என்று பாருங்கள்

கீரி கழுத்தைக் கடிக்கும். காட்டுப்பூனை பெரும்பாலும் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய்விடும். நாய் அப்படியில்லை. ஓடுவதையெல்லாம் துரத்திக் கடித்துவிட்டு அப்படியே போட்டுப் போகும். பல கோழிகள் அங்கங்கே கிடந்து, முதுகிலும் தொடையிலும் கடியிருந்து, வேலியடியில் மண் பறித்திருந்தால் நாய்தான். போட்டோ எடுத்துவையுங்கள்.

2. வேலியின் அடியைக் கட்டுங்கள்

எல்லோரும் உயரத்தைப் பற்றியே யோசிக்கிறோம். என் வீட்டில் நாய் நுழைந்தது கீழே. 'கோழிவலை' என்று கடையில் தரும் மெல்லிய அறுகோண வலை கோழியை உள்ளே நிறுத்தத்தான் உதவும். நாய் கடித்து இழுத்தால் பிய்ந்துவிடும். தடித்த கம்பியில் செய்த செயின்லிங்க் (சாய்சதுரக் கண்ணிகள் கொண்ட) வலையை 5 அல்லது 6 அடி உயரத்துக்குக் கட்டுங்கள்.

பிறகு 2 அடி அகலத்தில் இன்னொரு வலைத்துண்டை வேலிக்கு வெளிப்பக்கம் தரையில் படுக்கவைத்து, உள்ளோரத்தைக் கட்டுக்கம்பியால் வேலியோடு இறுக்கிப் பிணையுங்கள். மேலே கல்லும் மண்ணும் போடுங்கள். நாய் வேலியை ஒட்டித்தான் பறிக்கும். நகம் கம்பியில் பட்டதும் விட்டுவிடும். தள்ளி நின்று பறிக்க அதற்குப் பெரும்பாலும் தோன்றாது. காசு குறைவாக இருந்தால் உயரத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள், இந்த அடிவலையை மட்டும் விடாதீர்கள். கதவுக்குக் கீழுள்ள சந்தில் பலகைக்கல் ஒன்றைப் பதித்துவிடுங்கள்.

3. இருட்டுமுன் அடையுங்கள்

திண்ணையில் பஞ்சாரம் (கோழியை மூடிவைக்கும் கூடை) போட்டுக் கவிழ்த்தால் போதாது, நாய் முட்டித் தள்ளிவிடும். தாழ்ப்பாளுள்ள கூடு வேண்டும். காலையில் நன்றாக வெளுத்தபின் திறந்துவிடுங்கள்.

4. குடலை வெளியே எறியாதீர்கள்

கோழி அறுத்த கழிவையும் செத்த குஞ்சையும் ஆழக் குழி தோண்டிப் புதையுங்கள். அந்த வாசத்துக்கு நாயை வரவழைப்பது நாமாகவே இருப்போம்.

5. நாய் வளர்ப்பவரிடம் பேசுங்கள்

கோபம் ஆறியபின், சாயங்காலமாகப் போங்கள். "அண்ணே, நம்ம நாய் காலையில என் கோழிய அடிச்சிருச்சு. ராத்திரியிலயும் விடியக்காலையிலயும் மட்டும் கட்டிப்போடுங்கண்ணே" என்று நேரத்தைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். நாள் முழுக்கக் கட்டச் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள். கேட்காவிட்டால் போட்டோவோடு ஊராட்சித் தலைவரிடம் சொல்லுங்கள்.

விஷம் மட்டும் வைக்கவே வைக்காதீர்கள். அந்தச் சோற்றை உங்கள் கோழியும் கொத்தும், ஒரு குழந்தையும் தொடலாம். இந்தியக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ம் பிரிவின்படி, விலங்கை விஷம் வைத்துக் கொன்றால் 5 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை உண்டு.

6. கடிபட்ட கோழிக்கு

இறகை விலக்கிப் பாருங்கள், பல் இறங்கிய ஓட்டை வெளியே தெரியாது. உப்புக் கரைத்த வெதுவெதுப்பான நீரில் கழுவி, இருட்டான, கதகதப்பான இடத்தில் தனியே வையுங்கள். ரத்தத்தைக் கண்டால் மற்ற கோழிகள் கொத்திவிடும். அன்றைக்கே கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள்.

விரட்டும்போது நாய் உங்களைக் கடித்துவிட்டால், ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, உடனே அரசு மருத்துவமனைக்குப் போய் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். கோழியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.