சர்ப்பென்டைன் பெல்ட்டை வீட்டிலேயே மாற்றுவது எப்படி?

பானெட்டைத் திறந்து எஞ்சினின் பக்கவாட்டில் எட்டிப் பாருங்கள். நாலைந்து புல்லிகளைச் சுற்றி மேலும் கீழுமாக வளைந்து ஒரு கறுப்பு பெல்ட் ஓடும். அதுதான் சர்ப்பென்டைன் பெல்ட். முன்பெல்லாம் ஆல்டர்னேட்டருக்கு (பேட்டரியை சார்ஜ் செய்யும் ஜெனரேட்டர்) ஒன்று, ஏசிக்கு ஒன்று என்று தனித்தனி வி-பெல்ட்டுகள் இருந்தன. 1979 ஃபோர்டு மஸ்டாங் காலத்திலிருந்து எல்லாவற்றையும் ஒரே பெல்ட்டில் ஓட்டுவது மெல்ல வழக்கமானது. வசதிதான். ஆனால் அந்த ஒன்று அறுந்தால் எல்லாம் சேர்ந்து நின்றுவிடும்.

இந்தியாவில் 2003 முதல் 2008 வரை விற்ற 1.8 லிட்டர் டொயோட்டா கொரோலாவை வைத்துச் சொல்கிறேன். அதில் ஆல்டர்னேட்டர், ஏசி கம்ப்ரஸர், பவர் ஸ்டீயரிங் பம்ப், வாட்டர் பம்ப் எல்லாமே ஒரே பெல்ட்டில்தான். அறுந்தால் பேட்டரி விளக்கு எரியும், ஸ்டீயரிங் கனக்கும், கொஞ்ச நேரத்தில் வெப்ப முள் ஏறும். வீடு பக்கம்தானே என்று ஓட்டிக்கொண்டு போனால், எஞ்சினின் தலைப்பகுதிக்கு அடியில் உள்ள சீலான ஹெட் கேஸ்கெட்டுக்கு வேட்டு.

முதலில் உங்கள் காரில் எது?

டைமிங் பெல்ட் வேறு. அது எஞ்சினின் மூடிக்குள் இருக்கும், வீட்டில் தொடவேண்டாம். மேலே சொன்ன கொரோலாவில் டைமிங் செயின்தான், அதனால் அந்தக் குழப்பமே இல்லை.

வெளியே ஓடும் பெல்ட்டிலும் மூன்று விதம் உண்டு. ஸ்பிரிங் டென்ஷனர் தானே இழுத்துப் பிடிப்பது ஒன்று. ஆல்டர்னேட்டர் போல்ட்டைத் தளர்த்தி, திருகி இறுக்குவது இன்னொன்று. டென்ஷனரே இல்லாமல், தானே நீண்டு இறுக்கிப் பிடிக்கும் ஸ்ட்ரெட்ச் பெல்ட் மூன்றாவது. அதை மாட்டத் தனிக் கருவி வேண்டும், முதல்முறை செய்பவருக்கு அது வேண்டாத வேலை. இந்த விளக்கம் ஸ்பிரிங் டென்ஷனர் உள்ள கார்களுக்கு.

மாற்றத்தான் வேண்டுமா?

பழைய நியோப்ரீன் ரப்பர் பெல்ட்டுகள் வெடிப்பு விட்டுக் காட்டிக்கொடுக்கும். இப்போது வருபவை பெரும்பாலும் இபிடிஎம் ரப்பர். இவை வெடிக்காமலே தேயும். அதனால் “வெடிப்பு இல்லையே, நன்றாகத்தானே இருக்கிறது” என்பது பேச்சில்லை. பெல்ட்டின் உள்பக்கம் நீளவாக்கில் ஓடும் வரிகளுக்கு இடையிலுள்ள பள்ளம் அகன்று, வரி கூர்மையாகத் தெரிந்தால் ஆயுள் முடிந்தது என்று அர்த்தம். ஓரம் நூல் பிரிந்திருந்தாலும், வரி துண்டாகப் பெயர்ந்திருந்தாலும் யோசிக்கவே வேண்டாம்.

கீச்சென்று சத்தம் வருகிறதா? எஞ்சின் ஓடும்போது, கையைத் தள்ளியே வைத்துக்கொண்டு, வரியுள்ள பக்கத்தில் ஸ்பிரே பாட்டிலால் கொஞ்சம் தண்ணீர் அடியுங்கள். சத்தம் நின்று, சற்று நேரத்தில் திரும்பி வந்தால் ஏதோ ஒரு புல்லி நேர்கோட்டில் இல்லை. சத்தம் கூடினால் இழுவிசை போதவில்லை. சோப்பு தேய்ப்பது, பெல்ட் ஸ்பிரே அடிப்பது எல்லாம் நோயை மறைக்கும் வேலை. எனக்கு அதில் நம்பிக்கையே கிடையாது.

கடையில்

“ஃபேன் பெல்ட் கொடுங்க” என்று மட்டும் கேட்டால் எதையாவது எடுத்து நீட்டுவார்கள். பழைய பெல்ட்டின் முதுகில் உள்ள எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். உதாரணத்துக்கு 6 பிகே 1780 என்றால் ஆறு வரிகள், பிகே வடிவம், நீளம் 1780 மி.மீ. எண் அழிந்திருந்தால் காரின் மாடல், ஆண்டு, எஞ்சின் விவரத்தோடு போங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு கார் உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜி.பி. ரோடு இருக்கவே இருக்கிறது.

கழற்றுவது

எஞ்சின் நன்றாக ஆறட்டும். ஹேண்ட் பிரேக் போட்டு, சாவியை எடுத்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். ஆல்டர்னேட்டரின் பின்னால் எப்போதும் மின்சாரம் உள்ள முனை ஒன்று இருக்கிறது, நீண்ட ஸ்பேனர் அதில் பட்டால் பொறி பறக்கும். வேட்டி, துப்பட்டா, தொங்கும் சங்கிலி எதுவும் வேண்டாம்.

அடுத்து, பெல்ட் போகும் பாதையைப் படம் எடுங்கள். பானெட்டின் அடியில் ஸ்டிக்கர் இருந்தாலும் எடுங்கள். கையால் ஒரு தாளிலும் வரைந்துவிடுங்கள். வரையும்போதுதான் எந்தப் புல்லிக்கு மேலே போகிறது, எதற்குக் கீழே போகிறது என்பது மனதில் பதியும்.

கொரோலாவில் பெல்ட் இருப்பது எஞ்சினின் வலப்பக்கம், அதாவது நம் ஊர்க் காரில் ஓட்டுநர் பக்கம். டென்ஷனரில் 19 மி.மீ. அறுகோணத் தலை தெரியும். நீண்ட கைப்பிடி உள்ள ஸ்பேனரை மாட்டி, கடிகார முள் சுற்றும் திசையில் மெதுவாகத் திருப்புங்கள். வெடுக்கென்று இழுத்தால் வராது. சீராக அழுத்தம் கொடுத்தால் இறங்கி வரும். பெல்ட் தளர்ந்ததும் மறு கையால் மேலே எட்டும் புல்லியிலிருந்து நழுவ விட்டு, டென்ஷனரை மெல்லப் பழைய இடத்துக்கே விடுங்கள். பட்டென்று விட்டால் டென்ஷனரும் கெடும், விரலும் நசுங்கும். மற்ற கார்களில் தலையின் அளவும் திருப்பும் திசையும் மாறும், கையேட்டைப் பாருங்கள்.

பெல்ட் இல்லாத அந்தப் பத்து நிமிடம்

என்னைக் கேட்டால் இந்த வேலையின் முக்கியமான பகுதியே இதுதான். பலர் பழையதைக் கழற்றிய கையோடு புதியதை மாட்டிவிடுகிறார்கள். கிராங்க் புல்லியை (எஞ்சினே சுற்றி, பெல்ட்டை ஓட்டும் அடிப் புல்லி) தவிர ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றிப் பாருங்கள். சத்தமில்லாமல் வழவழவென்று சுற்றவேண்டும். மணல் அரைப்பது போல கரகரவென்றால் பேரிங் போய்விட்டது. புல்லியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள்; ஆட்டம் இருக்கக்கூடாது. வாட்டர் பம்ப்பின் அடியில் காய்ந்த கூலன்ட் கறை இருக்கிறதா? இருந்தால் பம்ப் கசிகிறது. பழைய பெல்ட்டில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் முதலில் அந்தக் கசிவைக் கண்டுபிடியுங்கள், இல்லையென்றால் புதிய பெல்ட்டும் ஊறி வீணாகும்.

அப்புறம் காய்ந்த துணியால் புல்லிப் பள்ளங்களைத் துடையுங்கள். சின்னக் கல் ஒன்று அடைத்திருந்தால்கூட பெல்ட் ஏறி நிற்கும்.

மாட்டுவது

பழையதையும் புதியதையும் சேர்த்துப் பிடித்து, அகலமும் வரி எண்ணிக்கையும் ஒன்றுதானா என்று பாருங்கள். உழைத்த பெல்ட் ஒரு துளி நீண்டிருப்பது சகஜம். வரியுள்ள பக்கம் பள்ளமுள்ள புல்லியில், வழுவழுப்பான முதுகு வழுவழுப்பான புல்லியில்: இந்த விதி எங்காவது தப்பினால் பாதை தவறிவிட்டது. கிராங்க் புல்லியில் தொடங்கி, வரைந்த படத்தைப் பார்த்துச் சுற்றிக்கொண்டே வாருங்கள். கைக்கு எட்டும் புல்லி ஒன்றைக் கடைசிக்கு விட்டுவைத்து, டென்ஷனரை மறுபடி திருப்பி அதன் மேல் பெல்ட்டை ஏற்றுங்கள்.

எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் முன் ஒவ்வொரு புல்லியின் ஓரத்தையும் விரலால் தடவுங்கள். இரு ஓரங்களிலும் பெல்ட் புல்லிக்குள் அடங்கியிருக்கவேண்டும். ஒரே ஒரு வரி வெளியே தொங்கினாலும், ஸ்டார்ட் செய்த கொஞ்ச நேரத்தில் அந்த வரி கிழிந்து, பெல்ட் முழுக்க நாராகிவிடும். கண்ணுக்குத் தெரியாத அடிப் புல்லிகளுக்கு டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் உதவும்.

சரி, பேட்டரியை மாட்டி, ஸ்பேனர் எதுவும் உள்ளே கிடக்கிறதா என்று பார்த்து, பத்து விநாடி மட்டும் ஓடவிட்டு அணையுங்கள். ஓரங்களை மறுபடி பாருங்கள். எல்லாம் சரியென்றால் ஏசி போட்டு, ஸ்டீயரிங்கை இரு பக்கமும் திருப்பி, சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். பேட்டரி விளக்கு எரியக்கூடாது. தெருவை ஒரு சுற்று சுற்றிவந்து, இன்னொரு முறை பானெட்டைத் திறந்து பாருங்கள்.

கழற்றிய பெல்ட் கிழியாமல் இருந்தால் தூக்கி எறியாதீர்கள். வரைந்த தாளோடும் ஸ்பேனரோடும் டிக்கியில் கிடக்கட்டும். நெடுஞ்சாலையில் புதியது அறுந்தால் அடுத்த ஊர் மெக்கானிக் கடை வரை கொண்டு சேர்க்க அது போதும்.