ஹை-கெயின் ஆம்ப்ப மெட்டலுக்கு மட்டும்னு ஒதுக்காதீங்க, இப்படி செட் பண்ணிப் பாருங்க

5150, ரெக்டிஃபையர் மாதிரி டிஸ்டார்ஷன் (கரகரப்பு) நிறைய தர்ற கிட்டார் ஆம்ப்னாலே மெட்டலுக்குத்தான்னு நிறைய பேர் முடிவு பண்ணிடுறாங்க. வாசிச்சுப் பார்த்ததுல என் அபிப்ராயம் வேற, கெயின (டிஸ்டார்ஷன் எவ்ளோன்னு தீர்மானிக்கிற நாப்) பாதிக்குக் கீழ இறக்கினாதான் இந்த ஆம்ப்கள் எவ்ளோ விதமா பேசும்னே தெரியுது.

ஆன் பண்றதுக்கு முன்னாடி ஸ்பீக்கர் கேபினெட் மாட்டியிருக்கா, ஆம்ப்போட ஓம்ஸும் கேபினெட்டோட ஓம்ஸும் மேட்ச் ஆகுதான்னு கண்டிப்பா பாருங்க. ட்யூப் ஆம்ப்ப ஸ்பீக்கர் இல்லாம வாசிச்சா அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரே போயிடலாம்.

இப்போ பேஸ், மிட், ட்ரெபிள், ப்ரெசன்ஸ் எல்லாத்தையும் 12 மணில (நாப்ப கடிகார முள்ளா நினைச்சுக்கோங்க) வச்சுட்டு கெயின 9 மணிலேர்ந்து பாம் மியூட் (உள்ளங்கை ஓரத்தால கம்பிய லேசா அமுக்கி வாசிக்கறது) அடிச்சுட்டே மெதுவா ஏத்துங்க, ஒவ்வொரு அடியும் தனித்தனியா கேக்குற வரைக்கும்தான், அதுக்கு மேல வேண்டாம். தனியா வாசிக்கும்போது கெயின் பத்தலையேன்னு தோணும், ட்ரம்ஸும் பேஸ் கிட்டாரும் சேந்ததும் அதுவே தாராளமா இருக்கும். ரெக்கார்டிங்ல ஒரே ரிஃப்ப ரெண்டு தடவை வாசிச்சு இடது வலதுன்னு போடுறீங்கன்னா இன்னும் கூட குறைக்கலாம்.

பேஸ் நாப்ல எல்லா ஆம்ப்பும் ஒண்ணு இல்ல, இது ரொம்ப முக்கியம். மெசா கம்பெனியோட மார்க் சீரிஸ் ஆம்ப்ல டோன் கன்ட்ரோல் டிஸ்டார்ஷனுக்கு முன்னாடி வருது, அதனால அங்க பேஸ ஏத்தினா சத்தம் கொழகொழன்னு ஆயிடும், பேஸ கிட்டத்தட்ட அடியில வச்சுட்டு தேவையான கனத்த கிராஃபிக் ஈக்யூல (வரிசையா ஸ்லைடர் இருக்கற டோன் பகுதி) சேக்கணும். 5150, ரெக்டிஃபையர்ல டோன் கன்ட்ரோல் கெயினுக்கு அப்புறம் வர்றதால தைரியமா திருப்பலாம்.

மிட்ட மட்டும் தயவுசெஞ்சு பூஜ்யத்துக்கு கொண்டு போகாதீங்க. கிட்டாரோட இடமே மிட்தான், கீழ பேஸும் கிக்கும், மேல சிம்பல்ஸும் ஏற்கனவே இருக்கு, மிட் இல்லாத கிட்டார் பேண்ட்ல காணாமப் போயிடும். செட்டிங்க வாசிக்கப் போற வால்யூம்லயே பண்ணுங்க, ஏன்னா சத்தம் கம்மியா இருக்கும்போது நம்ம காதுக்கு பேஸும் ட்ரெபிளும் குறைவாத்தான் கேக்கும், அத சரிக்கட்ட ரெண்டையும் ஏத்தி வச்சா மேடைல ஒரே இரைச்சல்தான்.

இனி எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். க்ரஞ்ச் சேனல்ல (மிதமான டிஸ்டார்ஷன் தர்ற சேனல்) இருந்துட்டு கிட்டார் வால்யூம 5, 6க்கு இறக்குங்க, ப்ளூஸ் வாசிக்கற அளவுக்கு சுத்தமாகும், திரும்ப 10க்கு போனா ஹார்ட் ராக், கால்ல எதையும் மிதிக்கவே வேண்டாம்! நல்ல ஆம்ப்பா இல்லையான்னு நான் பாக்குற முதல் சோதனையும் இதுதான். வால்யூம் இறக்கினா சத்தம் மந்தமாகுதுன்னா கிட்டார்ல ட்ரெபிள் ப்ளீட் (வால்யூம் இறக்கினாலும் ட்ரெபிள் போகாம பாத்துக்கற சின்ன சர்க்யூட்) போட்டுக்கோங்க.

டைட்டா வேணும்னா ட்யூப் ஸ்க்ரீமர்ங்கற ஓவர்ட்ரைவ் பெடல ஆம்ப்புக்கு முன்னாடி வச்சு ட்ரைவ் பூஜ்யம், லெவல் முழுசு. அது லோ எண்ட வெட்டிட்டு ஆம்ப்புக்கு அனுப்புது, அதனாலதான் ரிஃப் கச்சிதமாகுது. டிலே, ரிவர்ப் எஃபெக்ட்ஸ் லூப்ல (ஆம்ப்ல கெயினுக்கு அப்புறம் பெடல் மாட்டுற இடம்) போகட்டும், முன்னாடி வச்சா எதிரொலியும் சேந்து டிஸ்டார்ட் ஆகும்.

மைக் வச்சு எடுக்கும்போது ஃபிஸ் (காத கூச வைக்கற 'ஸ்ஸ்'ங்கற இரைச்சல்) அதிகமா வந்தா உடனே ட்ரெபிள் நாப்ப தொடாதீங்க, மைக்க கோனோட நடுவுலேர்ந்து ஓரமா ஒரு இன்ச் தள்ளிக் கேளுங்க, பாதி பிரச்சனை அங்கயே தீந்துடும்.