வழக்கில் இருக்கும் ஹேக்கரின் நடத்தையைப் பற்றி விவாதிப்பது எப்படி

பெங்களூரு அல்சூர் ஏரிக்கு அருகில், தமிழ்ச் சங்கத்திலிருந்து நடந்து போகும் தொலைவில் உள்ள ஒரு நண்பர் வீட்டு மொட்டை மாடியில், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவது வழக்கம். பெரும்பாலோர் மென்பொருள் வேலையில் இருப்பவர்கள், இருவர் வழக்கறிஞர்கள், ஒருவர் ஓசூரிலிருந்து பேருந்தில் வந்து போகிறவர். ஒரு முறை, பிளேஸ்டேஷன் 3 என்ற வீடியோ விளையாட்டுக் கருவியின் பாதுகாப்பை உடைத்ததற்காக ஜார்ஜ் ஹாட்ஸ் என்ற அமெரிக்க இளைஞர் மீது சோனி நிறுவனம் 2011-ல் தொடுத்த வழக்கையும், வழக்கு நடந்த மூன்று மாதங்களில் அவர் நடந்துகொண்ட விதத்தையும் பேச எடுத்தோம். அரை மணி நேரத்துக்குள் ஒரு தரப்பு அவரைத் தியாகி ஆக்கிவிட்டது, மறு தரப்பு திருடன் ஆக்கிவிட்டது, யாரும் எடுத்துக் குடிக்காத காபி ஆறிப்போனது. அதன் பிறகு அதே வழக்கை இரண்டாம் முறை எடுத்து ஒழுங்காகப் பேசினோம். இரண்டாம் முறை கடைப்பிடித்த வழிமுறையைத்தான் இங்கே எழுதுகிறேன். இப்படிப்பட்ட வேறு எந்த வழக்கைப் பற்றிப் பேசவும் அது உதவும்.

முதலில் கேள்வியைப் பிரிக்க வேண்டும். அவர் செய்த செயல் சரியா என்பது ஒரு கேள்வி. அதற்காக நிறுவனம் வழக்குப் போட்டது முறையா என்பது இன்னொன்று. வழக்கு தொடங்கிய நாளிலிருந்து முடிந்த நாள் வரை அவருடைய நடத்தை எப்படி இருந்தது என்பது மூன்றாவது. செயல் நியாயமாக இருந்து நடத்தை மோசமாக இருக்கலாம். செயல் குற்றமாகவே இருந்தாலும், நீதிமன்றத்தின் முன் ஒருவர் ஒழுங்காக நடந்துகொண்டிருக்கலாம். எங்கள் முதல் கூட்டம் கெட்டது, மூன்றையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டியதால்தான். ஆகவே கூட்டத்தை நடத்துகிறவர் இன்றைய கேள்வி எது என்பதை ஒரு தாளில் பெரிதாக எழுதி, எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டிவிட வேண்டும். நாங்கள் தண்ணீர்த் தொட்டியின் சுவரில் ஒட்டினோம்.

முதல் இரண்டு கேள்விகளுக்குக் கால் மணி நேரம் போதும். ஆனால் அந்தக் கால் மணி நேரத்தில் சொல்லப்படும் தொழில்நுட்ப விவரம் பிசகக் கூடாது. சோனியின் பிளேஸ்டேஷன் 3 கருவியில் லினக்ஸ் போன்ற வேறு இயங்குதளத்தை நிறுவிக்கொள்ளும் வசதி தொடக்கத்தில் இருந்தது. 2010 ஏப்ரல் 1 அன்று வந்த 3.21 ஃபர்ம்வேர் (கருவியை இயக்கும் அடிப்படை மென்பொருள்) மூலம் சோனி அதை நீக்கியது; காசு கொடுத்து வாங்கிய பொருளிலிருந்து ஒரு வசதியைப் பிறகு பிடுங்கிக்கொண்டது என்ற கோபம் அங்கேதான் தொடங்குகிறது. அதே ஆண்டு டிசம்பரில் பெர்லினில் நடந்த மாநாட்டில் ஃபெயில்ஓவர்ஃப்ளோ என்ற குழு, மென்பொருள் தன்னுடையதே என்று காட்ட சோனி அதில் இடும் டிஜிட்டல் கையொப்பத்தில் இருந்த பிழையை விளக்கியது. ஒவ்வொரு கையொப்பத்துக்கும் புதிதாக ஒரு தற்போக்கு எண்ணை எடுக்க வேண்டும் என்பது அந்த முறையின் அடிப்படை விதி. சோனி ஒவ்வொரு முறையும் ஒரே எண்ணைப் பயன்படுத்தியிருந்தது. எண் ஒன்றே என்றால், இரண்டு கையொப்பங்களிலிருந்து இரண்டு சமன்பாடுகளும் அவற்றில் தெரியாத இரண்டு மதிப்புகளும் கிடைக்கும். பத்தாம் வகுப்பு மாணவர் ஒருங்கமை சமன்பாடுகளைத் தீர்ப்பது போல் அவற்றைத் தீர்த்தால், பூட்டி வைத்திருக்க வேண்டிய ரகசியத் திறவுகோல் கைக்கு வந்துவிடும். இதையொட்டி, 17 வயதிலேயே ஐபோனின் தொலைபேசிப் பூட்டைத் திறந்து பெயர் பெற்றிருந்த ஹாட்ஸ், 2011 ஜனவரித் தொடக்கத்தில் பிளேஸ்டேஷன் 3-இன் மூலத் திறவுகோலை வெளியிட்டார். இந்த அளவு தெரிந்தால் போதும். எல்லாம் தெரிந்த பொறியாளர் ஒருவர் கூட்டத்தில் இருந்தால், அவரை இந்த இடத்தில் நிறுத்துவதே நடத்துகிறவருடைய பெரிய வேலை.

இரண்டாவதாக, தேதித்தாள் ஒன்று தயாரிக்க வேண்டும். வழக்குக் கால நடத்தையைத் தேதி இல்லாமல் எடைபோட முடியாது; ஒரே செயல், தடை உத்தரவுக்கு முந்தின நாள் செய்தால் உரிமை, மறுநாள் செய்தால் அவமதிப்பு. எங்கள் தாளில் இருந்த வரிகள் சிலவே. ஜனவரி 11, கலிபோர்னியாவின் வடக்கு மாவட்டக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் சோனி வழக்குத் தாக்கல் செய்தது. ஹாட்ஸுடன் ஃபெயில்ஓவர்ஃப்ளோ குழுவினரும், பெயர் தெரியாத 100 பேரும் பிரதிவாதிகள். நம் ஊரில் திருட்டு சினிமாவுக்கு எதிராக, யாரென்று தெரியாதவர்கள் மீது கற்பனைப் பெயரில் வாங்கும் ‘அசோக் குமார்’ உத்தரவை நினைத்துக்கொண்டால் இந்த 100 பேர் யார் என்பது விளங்கும். ஜனவரி 27, நீதிபதி சூசன் இல்ஸ்டன் இடைக்காலத் தடை வழங்கினார். கணினிகளையும் ஹார்ட் டிஸ்க்குகளையும் ஒப்படைக்கச் சொன்னார். பிப்ரவரி, ஹாட்ஸின் ராப் பாடல் காணொளியும் நன்கொடை வேண்டுகோளும். மார்ச், தென் அமெரிக்கப் பயணச் சர்ச்சை. மார்ச் 31, சமரசம். ஏப்ரல் 11, அதன் அறிவிப்பு.

இந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு குற்றச்சாட்டையும் எடுத்து, அந்தத் தேதியில் அவரைக் கட்டுப்படுத்திய உத்தரவு எது, அது எதைத் தடுத்தது என்று கேட்க வேண்டும். காணொளியை எடுத்துக்கொள்வோம். சோனியைச் சீண்டி அவர் பாடியது பலருக்கு எரிச்சல் தந்தது, எனக்கும்தான். ஆனால் பாதுகாப்பை உடைக்கும் கருவிகளையும் தகவலையும் பரப்புவதையே தடை குறிவைத்தது, பாடுவதை அல்ல. ஆகவே காணொளியைப் பற்றி ரசனைக் குறைவு என்றோ, நீதிபதியின் கண்ணில் தன்னைத் தானே கெடுத்துக்கொண்டார் என்றோ சொல்லலாம். உத்தரவை மீறினார் என்று சொல்லக் கூடாது. விளையாட்டுத்தனத்தையும் சட்டமீறலையும் ஒரே சொல்லால் திட்டுவது நம் விவாதங்களில் அடிக்கடி நடக்கும் தவறு.

மூன்றாவது படி கடினமானது. நாங்கள் அதிக நேரம் செலவிட்டதும் இதில்தான். வழக்கு மனுவில் எழுதப்பட்டிருப்பது ஒரு தரப்பின் கூற்று. அதை நீதிமன்றம் கண்டறிந்த உண்மையாகப் படிக்கக் கூடாது. ஹாட்ஸ் ஒப்படைத்த ஹார்ட் டிஸ்க்குகளில் முக்கியமான பாகங்கள் கழற்றப்பட்டிருந்தன என்றும், நடுநிலை ஆய்வாளர் அவற்றைக் கேட்டபோது அவர் தென் அமெரிக்காவில் இருந்தார் என்றும் சோனியின் மனு சொன்னது. அதையடுத்து உலகம் முழுவதும் ‘ஹேக்கர் நாட்டை விட்டு ஓட்டம்’ என்ற பொருளில் செய்தி பரவியது. தாம் விடுமுறையில் இருப்பதாகவும், அந்தப் பயணத்தை முந்தைய நவம்பரிலேயே திட்டமிட்டுப் பணம் கட்டிவிட்டதாகவும் ஹாட்ஸ் பதில் எழுதினார். இதைப் பற்றித் தீர்ப்பு எதுவும் வருவதற்குள் வழக்கே சமரசத்தில் முடிந்துவிட்டது.

இங்கே எங்கள் வழக்கறிஞர் நண்பர் ஒருவர், வீட்டுக்காரர் பழைய கணினியிலிருந்து கழற்றி வைத்திருந்த ஹார்ட் டிஸ்க் ஒன்றை மேஜை மேல் கவிழ்த்து வைத்தார். அடிப்பக்கத்தில் பச்சை நிறத்தில் ஒரு சிறிய மின்சுற்றுப் பலகை, அதைப் பிடித்திருக்கும் சில நட்சத்திரத் தலைத் திருகுகள். அதுதான் டிஸ்க்கை இயக்கும் கன்ட்ரோலர். அதைக் கழற்றினால் உள்ளே தட்டுகளில் இருக்கும் தகவல் அழியாது; ஆனால் படிக்க முடியாது. “அண்ணே, இதைக் கழற்றிக் கொடுத்தவன் எதையாவது அழிச்சானா, இல்ல சாவி இல்லாத பெட்டியைக் கொடுத்தானா?” என்று ஓசூர் நண்பர் கேட்டார். சாட்சியத்தை அழிப்பது வேறு, ஒப்படைப்பை இழுத்தடிப்பது வேறு, தன் தனிப்பட்ட தகவலை நிறுவனம் துருவிவிடுமோ என்ற பயம் வேறு என்பது அந்தக் கேள்விக்குப் பிறகே எல்லோருக்கும் உறைத்தது. என் கருத்து இது: நீதிமன்றம் ‘ஒப்படை’ என்றால் இயங்கும் நிலையில் ஒப்படைப்பதே ஒழுங்கு, ஆட்சேபம் இருந்தால் மனுவாகப் போட வேண்டும், திருப்புளியால் தீர்க்கக் கூடாது. பாகங்கள் கழற்றப்பட்டது உண்மையானால், அவருடைய நடத்தையில் எனக்கு உறுத்தும் ஒரே இடம் அதுதான்.

பயண விஷயத்தில் நாங்கள் இரு பிரிவாகவே நின்றோம். வாய்தா உள்ள காலத்தில் வெளிநாடு போவது மரியாதைக் குறைவு என்றார் ஒருவர். உரிமையியல் வழக்கின் பிரதிவாதி வீட்டுக் காவலில் இருப்பவர் அல்லர் என்றார் மற்றவர். இரண்டுமே பேசத் தகுந்த வாதங்கள். ‘ஓட்டம்’ என்ற சொல்லை மட்டும் யாரும் பயன்படுத்தக் கூடாது என்று தீர்மானித்தோம்.

நன்கொடை பற்றிப் பேசும்போது பண விஷயத்தையும் சட்ட விஷயத்தையும் தனித்தனியாக எடுக்க வேண்டும். வழக்குச் செலவுக்காகப் பொதுமக்களிடம் கேட்டார். சில நாட்களிலேயே போதுமென்று நிறுத்திக்கொண்டார். மிஞ்சினால் மின்னணு உரிமைகளுக்காக வாதாடும் ஈஎஃப்எஃப் அமைப்புக்குப் போகும் என்றார். வழக்கு முடிந்ததும் 10,000 டாலரை அவ்வாறே கொடுத்தார். நம் ஊரில் கோயில் திருப்பணிக்கு வசூலிப்பவரிடம் நோட்டீஸில் வரவு செலவு கேட்பது போல், இவரிடமும் முழுக் கணக்கைக் கேட்பது நியாயமே. சட்ட விஷயம் அதைவிட ருசியானது. ஹாட்ஸ் இருந்தது நியூ ஜெர்சியில். வழக்கு நடந்தது கலிபோர்னியாவில். அந்த நீதிமன்றத்துக்குத் தம் மீது அதிகார வரம்பே இல்லை என்பது அவருடைய முதல் வாதம். அந்த நிலையில், அவருக்குக் கலிபோர்னியாவோடு தொடர்பு உண்டு என்று காட்டுவதற்காக, அங்கிருந்து யாரெல்லாம் பணம் அனுப்பினார்கள் என்று பார்க்க, இணையப் பணப் பரிமாற்றச் சேவையான பேபாலில் அவருக்கு இருந்த கணக்கின் விவரத்தைக் கேட்டது சோனி, நீதிமன்றமும் அனுமதித்தது. ஆதரவு திரட்டிய உண்டியலே எதிர்த்தரப்பின் ஆதாரமாகக்கூடிய நிலை வந்தது. வழக்கில் சிக்கியவருக்கு நிதி திரட்ட நினைப்பவர்கள், உண்டியலைத் திறக்கும் முன் வழக்கறிஞரைக் கேட்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

சமரசத்தைத் துரோகம் என்று சொல்பவர்களுக்கும் இடம் கொடுக்க வேண்டும், ஏனென்றால் அவர்களிடம் ஒரு நல்ல வாதம் இருக்கிறது. சமரசம் என்றால் நீக்கிய வசதியைத் திருப்பித் தர வேண்டும், மன்னிப்பும் கேட்க வேண்டும் என்று வழக்கின்போது ஹாட்ஸ் வெளிப்படையாகச் சொல்லியிருந்தார். கடைசியில் ஏற்றுக்கொண்டதோ சோனியின் கருவிகளை இனி உடைக்கமாட்டேன் என்ற நிரந்தரத் தடையை. ஒவ்வொரு மீறலுக்கும் 10,000 டாலர், அதிகபட்சம் 250,000 டாலர் என்று தண்டத் தொகையும் உண்டு. தவறு செய்ததாக அவர் ஒப்புக்கொள்ளவில்லை. நம்பிப் பணம் அனுப்பியவருக்கு ஏமாற்றம் வருவது இயல்பு. அதே சமயம், 21 வயது இளைஞர் ஒரு பன்னாட்டு நிறுவனத்தோடு ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்ட வேண்டும் என்று மாடியில் உட்கார்ந்துகொண்டு சொல்வது நமக்கு எளிது.

ஹேக்கருக்கு வைத்த அளவுகோலை நிறுவனத்துக்கும் வைக்க வேண்டும். 2009 ஜனவரி முதல் ஹாட்ஸின் இணையதளத்தைப் பார்வையிட்டவர்களின் ஐபி முகவரிகளை (இணையத்தில் ஒரு இணைப்பை அடையாளம் காட்டும் எண்களை) கேட்டுப் பெற 2011 மார்ச்சில் மாஜிஸ்திரேட் நீதிபதி ஜோசப் ஸ்பீரோ சோனிக்கு அனுமதி அளித்தார். நீதிமன்ற அனுமதி இருந்ததால் இது சட்டப்படி சரி. ஆனால் படிக்க மட்டுமே வந்த ஆயிரக்கணக்கான பேரின் தடத்தைக் கேட்பது, ஒரு வழக்குக்குத் தேவையான அளவைத் தாண்டியது என்றே எனக்குப் படுகிறது. இதை விட்டுவிட்டு ஹார்ட் டிஸ்க்கை மட்டும் பேசினால் அது விவாதம் ஆகாது.

மற்றவர் செய்ததை இவர் தலையில் கட்டுவதையும் தடுக்க வேண்டும். சோனிக்கு எதிராக ஏப்ரலில் அனானிமஸ் என்ற ஹேக்கர் குழு தாக்குதல் நடத்தியது. அந்த மாத நடுவில் சோனியின் இணைய விளையாட்டுச் சேவையான பிளேஸ்டேஷன் நெட்வொர்க்குக்குள் யாரோ புகுந்து 7.7 கோடி கணக்குகளின் விவரத்துக்கு ஆபத்து நேர்ந்தது. ஏப்ரல் 20 அன்று சேவையே நிறுத்தப்பட்டது. அப்போது சமரசம் அறிவிக்கப்பட்டு ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. தமக்கு அதில் தொடர்பில்லை என்று ஹாட்ஸ் மறுத்ததோடு, பயனர்களின் தகவலைத் திருடுவதைக் கண்டித்தும் எழுதினார். தேதித்தாள் சுவரில் இருந்தால் இந்தக் குழப்பம் ஒரு நிமிடத்தில் தீரும்.

இந்தியாவில் நடக்கும் வழக்கைப் பேச எடுத்தால் கூடுதலாகச் சில கவனங்கள் தேவை. அமெரிக்காவின் 1998-ஆம் ஆண்டு டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டத்தை அப்படியே இங்கே பொருத்தக் கூடாது. நம் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவின்படி, பாதுகாப்பை உடைத்தவருக்கு உரிமையை மீறும் நோக்கமும் இருந்திருக்க வேண்டும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு உரிமையாளரின் அனுமதியைப் பற்றிப் பேசுகிறது. 66-ஆம் பிரிவின்படி தண்டிக்க, நேர்மையற்ற அல்லது மோசடியான எண்ணம் வேண்டும். தாமே வாங்கிய கருவியைத் திறந்து பார்த்தவரையும், பிறர் சர்வருக்குள் நுழைந்தவரையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். நடந்துகொண்டிருக்கும் வழக்கில், நீதிமன்ற நடவடிக்கையை நியாயமாகவும் துல்லியமாகவும் எடுத்துச் சொல்வதற்கு 1971-ஆம் ஆண்டு நீதிமன்ற அவமதிப்புச் சட்டம் இடம் தருகிறது. நீதிபதிக்கு உள்நோக்கம் கற்பிக்கும் பேச்சுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. எங்கள் கூட்டத்தில் ஒலிப்பதிவு செய்வதில்லை என்பதற்கும் இதுவே காரணம்.

கடைசியாக, வாக்கெடுப்பு நடத்தாதீர்கள். அதற்குப் பதில் ஒவ்வொருவரிடமும் ஒரு துண்டுத்தாள் கொடுத்து, எந்த ஓர் ஆவணத்தைப் பார்த்தால் உங்கள் கருத்தை மாற்றிக்கொள்வீர்கள் என்று எழுதச் சொல்லுங்கள். எங்கள் இரண்டாம் கூட்டத்தில் வந்த தாள்களில் ஆய்வாளரின் அறிக்கை, நன்கொடைக் கணக்கு, சமரச ஒப்பந்தத்தின் முழுப் படி என்று பலவும் இருந்தன. பேருந்துக்கு நேரமாகிவிட்டதால் படியில் நின்றபடியே எழுதிக் கொடுத்துவிட்டுப் போன ஓசூர் நண்பரின் தாளில் ஒரே வரி இருந்தது: ‘விமான டிக்கெட் வாங்கிய ரசீதின் தேதி.’