ரெஸ்யூமில் எழுதியதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்: முதல் இன்டர்வியூவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதல் வேலைக்கான இன்டர்வியூ என்றதும் பெரும்பாலான மாணவர்கள் யூடியூபில் கேள்வி பதில் தொகுப்பைத் தேடி மனப்பாடம் செய்ய உட்காருகிறார்கள். சொந்த ரெஸ்யூமை மட்டும் ஒருமுறை கூடத் திரும்பப் படிப்பதில்லை. இப்போதுதான் கல்லூரியை முடித்தவரிடம் வேலை அனுபவம் இருக்காது. கேள்வி கேட்பவருக்குக் கிடைப்பது அந்த ஒரு தாள்தான். பைத்தான், ஆட்டோகேட், டேலி என்று அதில் எது இருக்கிறதோ, அங்கிருந்துதான் ஆரம்பிப்பார். நண்பனின் ரெஸ்யூமை வாங்கிப் பெயரை மாற்றியவர்கள் சிக்கிக்கொள்வதும், தெரியாத மென்பொருளைச் சேர்த்தவர்கள் திணறுவதும் அங்கேதான். பத்து திறன்கள் எழுதி எட்டில் விழிப்பதைவிட, மூன்று எழுதி மூன்றிலும் நின்று பேசுவது நல்லது.

அதிகம் பேர் சறுக்குவது ஃபைனல் இயர் ப்ராஜெக்டில். தி.நகர், அசோக் நகர், வடபழனி பக்கம் போனால் ப்ராஜெக்ட் சென்டர் போர்டுகள் கண்ணில் படும். பணம் கட்டினால் ப்ரோகிராம் கோடு, ரிப்போர்ட், பிபிடி எல்லாம் தயாராகக் கிடைக்கும். கல்லூரி வைவாவை அதை வைத்துத் தாண்டிவிடலாம். இன்டர்வியூவில் கேள்விகள் வேறு மாதிரி வரும். "நாலு பேர் டீமில் உங்கள் வேலை எது?" "இந்த டேட்டா எங்கே கிடைத்தது?" "இந்த சென்சாரை ஏன் எடுத்தீர்கள்?" "முதலில் ஓடாமல் போனபோது என்ன செய்தீர்கள்?" கடைசிக் கேள்விக்குக் காசு கொடுத்து வாங்கிய ப்ராஜெக்டில் பதில் இருக்காது. ஆனால் கேட்பவர் தெரிந்துகொள்ள விரும்புவதே அதைத்தான். இவர் ஒரு சிக்கலில் மாட்டினால் எப்படி யோசிப்பார் என்று பார்க்கிறார்.

ஏற்கனவே வாங்கிவிட்டீர்களா? சரி, இன்னும் கெட்டுப்போகவில்லை. அதை உங்கள் லேப்டாப்பில் முதலிலிருந்து ஓட வையுங்கள். ஒரு பகுதியையாவது மாற்றி எழுதுங்கள், எங்கே உடைகிறது என்று பாருங்கள், உடைந்ததைச் சரிசெய்யுங்கள். கேட்டால், "அடிப்படை வெளியில் எடுத்தது, இந்தப் பகுதியை நான் மாற்றினேன்" என்று நேராகச் சொல்லலாம். மாமாவின் மளிகைக் கடைக்கு எக்செல்லில் நீங்களே போட்டுக் கொடுத்த ஸ்டாக் கணக்கு இருந்தால் அதையும் எழுதுங்கள். சின்ன வேலைதான், ஆனால் அதைப் பற்றி அரை மணி நேரம் கேட்டாலும் உங்களால் பேச முடியும்.

அடிப்படைப் பாடத்தைத் தொடாமல் போவது அடுத்த தவறு. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளுக்குப் போகும் மெக்கானிக்கல் மாணவர்கள் வெர்னியர் காலிப்பரின் லீஸ்ட் கவுண்ட் (அதில் அளக்க முடிந்த மிகச் சிறிய அளவு) 0.02 மி.மீ. என்று டக்கென்று சொல்வார்கள். எப்படி வந்தது என்றால் அமைதியாகிவிடுவார்கள். மெயின் ஸ்கேலின் 1 மி.மீ.யை வெர்னியரின் 50 பிரிவுகளால் வகுத்தது, அவ்வளவுதான். டிரான்ஸ்ஃபார்மரை ஏன் கிலோவாட்டில் சொல்லாமல் கேவிஏவில் (கிலோவோல்ட்-ஆம்பியர்) சொல்கிறோம் என்பதும் அப்படித்தான். அதன் இழப்பு வோல்டேஜையும் கரண்டையும் பொறுத்தது, பவர் ஃபேக்டரைப் பொறுத்தது இல்லை. பி.காம். என்றால் தேய்மானத்துக்கு ஜர்னல் என்ட்ரி, கம்ப்யூட்டர் என்றால் டேட்டாபேஸில் இன்னர் ஜாயினுக்கும் லெஃப்ட் ஜாயினுக்கும் உள்ள வித்தியாசம். இப்படிப்பட்ட கேள்விகள் வந்துகொண்டேதான் இருக்கும். மேன்ஷன் அறையில் படிக்க முடியவில்லையென்றால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கத் தனிப் பகுதி இருக்கிறது.

"உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றதும் அப்பா என்ன வேலை, அம்மா இல்லத்தரசி, பொழுதுபோக்கு பாட்டுக் கேட்பது என்று ஒப்பிப்பதை விட்டுவிடுங்கள். என்ன படித்தீர்கள், எதைச் செய்து பார்த்தீர்கள், இந்த வேலைக்கு ஏன் வந்தீர்கள், இது போதும். தமிழ் வழியில் படித்தவர்கள் ஆங்கிலத்துக்குப் பயந்தே மனப்பாடம் செய்கிறார்கள். மனப்பாடம் செய்தது நடுவில் ஒரு வரி விட்டுப்போனால் மொத்தமும் நின்றுவிடும். சின்னச் சின்ன வாக்கியங்களாக, தினமும் வாய்விட்டுப் பேசிப் பழகுங்கள். கேள்வி புரியவில்லையென்றால் திரும்பக் கேட்பதில் ஒரு குறையும் இல்லை.

அரியரை மறைக்காதீர்கள். மார்க் ஷீட்டுகளைப் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். வேலையில் சேர்ந்த பிறகு சான்றிதழ்களைச் சரிபார்க்கும்போது பொய் வெளிவந்தால் வேலையே போய்விடும்.

சென்னை ஓஎம்ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலை) ஒரே நிறுவனத்துக்கு இரண்டு மூன்று வளாகங்கள் இருக்கும். சோழிங்கநல்லூரா சிறுசேரியா என்று அழைப்பு மெயிலில் முதல் நாளே பாருங்கள். கேட்டில் ஒரிஜினல் அடையாள அட்டை கேட்பார்கள், உள்ளே போகவே வரிசை இருக்கும், அந்த நேரத்தையும் சேர்த்துக் கிளம்புங்கள். ஆன்லைன் இன்டர்வியூ என்றால் பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்துப் பதில் வாங்குவதும், இன்னொரு திரையைப் பார்த்துப் படிப்பதும் வேண்டாம். கண் போகும் திசை கேமராவில் நன்றாகவே தெரியும்.

அப்புறம் பணம். நான்கு லட்சம் சிடிசி (நிறுவனம் உங்களுக்காக ஒரு வருஷத்தில் செய்யும் மொத்தச் செலவு) என்றால் மாதம் 33 ஆயிரம் கைக்கு வரும் என்று வீட்டில் சொல்லிவிடாதீர்கள். நிறுவனம் கட்டும் பி.எஃப்., கிராஜுட்டி எல்லாம் பெரும்பாலும் அதற்குள்ளேயே இருக்கும். உங்கள் பங்கு பி.எஃப். அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதம், அதுவும் பிடித்தம் ஆகும். பாண்ட் (இத்தனை காலம் விலக மாட்டேன் என்ற ஒப்பந்தம்) உண்டா, எத்தனை வருஷம், நடுவில் விலகினால் எவ்வளவு என்று கையெழுத்துப் போடும் முன்பே கேளுங்கள். ஒரிஜினல் சர்டிபிகேட்டைச் சரிபார்க்கக் காட்டலாம், கொடுத்துவிட்டு வராதீர்கள். பதிவுக் கட்டணம், டெபாசிட், டிரெய்னிங் ஃபீஸ் என்று எந்தப் பெயரில் முன்பணம் கேட்டாலும் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். ஆன்லைனில் அனுப்பி ஏமாந்திருந்தால், வெட்கப்பட்டுத் தள்ளிப்போடாமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் பேசுங்கள்.